நியமகிரியும் கருப்பொருளும்

தொல்காப்பியனார் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தார். வழிபாடு வேறு, வாழ்வு வேறு என அவர் பிரித்திலர். இவ்வைப்புமுறையின் பொருத்தத்தை ஒடிசாவின் நியமகிரி வழக்கிற் காணலாம்.

இராயகடா, களாஹாண்டி மாவட்டங்களில் பரந்துள்ள அம்மலையில் வாழும் டோங்கிரியா கோந்தர் பேசும் குவி, திராவிட மொழிகளுள் ஒன்று. (இதுகொண்டு அவரைச் சங்கச் சான்றோர் காட்டும் குறவரொடு உறவாக்குதல் ஆராய்ச்சியாகாது.) அவர்தம் தெய்வமாகிய நியமராசனுக்கு மலைமுடியே உறைவிடம். பாக்சைட்டுப் படிவமும் அம்முடியிலேயே உளது. நுண்டுளை மிக்க அப்படிவம் மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைகட்கு வழங்குகிறது. ஆகவே முடியை அகழ்தல் தெய்வத்தின் இடத்தை மட்டுமன்றிச் சரிவிலுள்ள புனத்தின் நீரையும் பறிப்பதாகும்.

இலாஞ்சிகரிலுள்ள வேதாந்தா அலுமினா ஆலைக்கெனத் திட்டமிட்ட இச்சுரங்கத்திற்கு நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் வன இசைவு மறுத்தது. ஒடிசா சுரங்கக் கழகம் வழக்காடிற்று. 2013 ஏப்பிரல் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தை அடியாகக் கொண்டு, மக்களின் சமய, பண்பாட்டு உரிமைக் கோரிக்கைகளை ஊர்மன்றங்களே ஆராய்ந்து முடிவு கூறப் பணித்தது. ஏட்டையும் கல்வெட்டையுமே சான்றெனக் கொண்டு பழகிய நமக்கு இது கருதத்தக்கது. அம்மன்றங்களிற் சான்றாய் நின்றது வாய்மொழியே. மலையில் ஊர்கள் பலவாக, மாநில அரசு 12 ஊர்களையே தேர்ந்தெடுத்தமை குறையே. ஆயினும் சூலை, ஆகஸ்டு திங்கள்களில் மாவட்ட நீதிபதி நோக்கராயிருக்கக் கூடிய அப்பன்னிரண்டு மன்றங்களும் ஒருமனதாகச் சுரங்கத்தை மறுத்தன. 2014 சனவரியில் அமைச்சகமும் இசைவை மறுத்தது.