புது மாடு சாகிறது, பழைய மாடு பிழைக்கிறது ஏன்?

வெளியூரிலிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கி வந்த கலப்பினப் பசு, மூன்றாம் வாரம் கடுங்காய்ச்சலில் படுத்துவிடுகிறது. மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறத்தில் போகிறது. அதே கொட்டிலில் உடம்பெல்லாம் உண்ணியோடு நிற்கும் நாட்டு மாடு வழக்கம்போல் அசை போடுகிறது. கண் திருஷ்டி என்று ஒரு நாள் தாமதித்தாலும் பசு கைவிட்டுப் போகலாம்.

இது உண்ணி பரப்பும் பபேசியா என்ற இரத்த நோய். நாட்டு மாட்டிடம் இக்கிருமி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்து, லேசாகக் காய்ச்சல் கண்டு தேறிய மாடு அது. சிறிதளவு கிருமி உடம்பிலேயே தங்கி, எதிர்ப்புச் சக்தியை மங்காமல் வைத்திருக்கிறது. அதன் இரத்தத்தைக் குடித்த உண்ணியின் குஞ்சுகள் புது மாட்டின் மீது ஏறும்போதுதான் வினை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றபோதும் இதே கதைதான். வந்த மாடுகள் நன்றாக இருந்தன. வழியிலிருந்த மாடுகள் மடிந்தன. உண்ணியே காரணம் என்று ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1893-இல் எழுதி வெளியிட்டனர்.

பபேசியாவைப் பெரிய மாட்டைவிடக் கன்று நன்றாகத் தாங்கும். நோய் கண்டு தேறிய தாயின் சீம்பால் முதலில் காக்கும். பிறகு சுமார் ஒன்பது மாதம் வரை இயற்கையான தாங்கு சக்தி உண்டு. அப்பருவத்தில் நாலைந்து உண்ணி கடிப்பது நல்லதென்றே சொல்லலாம். இதைக் கேட்டு உண்ணியை வளர்க்க வேண்டாம்! தைலேரியா என்ற மற்றொரு கிருமி கலப்பினக் கன்றையும் கொல்லும். தோளுக்கு முன்னே நெறி கட்டுவது அதன் அடையாளம். அதைப் பரப்பும் உண்ணி சுவர் வெடிப்பில் ஒளிந்திருப்பதால், மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. வெடிப்பையும் பூசி அடைக்க வேண்டும். தைலேரியாவுக்குத் தடுப்பூசி உண்டு. உயிருள்ள கிருமியைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்க வேண்டியிருப்பதால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. சினை மாட்டுக்குப் போடுவதுமில்லை.

மாடு வாங்குவோர் பால் அளவை மட்டும் கேட்கிறார்கள். அது வளர்ந்த இடத்தில் உண்ணி உண்டா என்றும் கேட்க வேண்டும். உண்ணியே காணாத பண்ணை மாடு என்றால்தான் கவலை அதிகம். வந்தபின் மூன்று வாரம் தனியே கட்டி, தினமும் காய்ச்சல் பார்ப்பது நல்லது. 103 டிகிரிக்கு மேல் போனால் அன்றே கால்நடை மருத்துவரை அழைத்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். பபேசியாவுக்கு டைமினசின், தைலேரியாவுக்கு புபார்வகோன். ஒன்றுக்கு உரிய ஊசி மற்றதற்கு உதவாது.