இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதன் பெயரும்

நம் திங்களிதழில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். ஜமால்பூர் ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கு இது அத்துணை அயலான பொருளன்று. 1862-ல் தோன்றிய எங்கள் பட்டறைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது மூங்கேர் நகரம். வங்காள நவாபு மீர் காசிம் தம் தலைநகரை அங்கே மாற்றிக்கொண்டு, ஆர்மீனியரான குர்கின் கானைக்கொண்டு ஆயுதசாலை நடத்திய காலந்தொட்டு, துப்பாக்கித் தொழில் அவ்வூரின் குலத்தொழில் போலாகிவிட்டது.

2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். என்னை 'மதராஸி பாபு' என்பார், நான் 'சாச்சாஜி' என்பேன். அவரிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கிகள் மூன்று இருந்தன. 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருத்தல் கூடாதென்றாயிற்று. மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். எதைக் கொடுப்பது? குழல்களில் பொறித்துள்ள ஆங்கில எழுத்துக்களைப் படித்துச் சொல்லவே என்னை அழைத்தார். இத்துறையில் எனக்கு ஏட்டறிவு கொஞ்சம் உண்டு, துப்பாக்கி சுட்டவனல்லன்.

பழந்துப்பாக்கி சேகரிப்போர் கூடினால் முதலில் எழும் பேச்சு பெயரைப் பற்றியதே. லண்டனில் 1814-ல் தொழில் தொடங்கிய பர்டி, 1835-ல் தொடங்கிய ஹாலண்டு, அவற்றினும் முந்திய பாஸ் ஆகிய மூன்றையும் முதல் வரிசையில் வைப்பர். அதற்குமேல் ஒற்றுமை இராது. பர்டியின் பொறியமைப்பு உண்மையில் பீஸ்லி என்னும் தொழிலாளர் 1880-ல் கண்டது. அதன் உரிமையைப் பர்டி வாங்கிக்கொண்டார். தாழை விடுவித்ததும் குழல் தானே திறந்துகொள்ளும். விரைந்து தோட்டா இடுவதற்கு இது பெருவசதி என்பார் ஒருவர். மூடும்போது கைவலு வேண்டியிருக்கிறதே என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் மெய்தான். ஒரே விசையால் இரு குழல்களையும் சுடும் அமைப்பில் பாஸுக்கு ஈடில்லை என்பது பாஸ் அபிமானிகளின் வாதம்.

பர்மிங்காம் நகரத்துக்கு இப்பேச்சில் உரிய மரியாதை கிடைப்பதில்லை. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்சாலையில் இருந்த ஆன்சன், டீலி என்னும் இருவர் 1875-ல் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். வெளியே தெரியும் குதிரைகள் இல்லை. குழலைத் திறக்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் ஏறி நின்றுவிடும். உறுப்புக்கள் சில, செலவு குறைவு, உழைப்பு மிகுதி. லண்டன் துப்பாக்கியின் பக்கத் தகடுகளும் சித்திர வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கலாம். உலகெங்கும் வயலிலும் காட்டிலும் புழங்கியது பெரும்பாலும் பர்மிங்காமின் இப்பெட்டி அமைப்பே. என் எளிய கருத்து, புகழில் பாதியாவது அவ்விருவருக்குச் சேரவேண்டும் என்பதே.

அமெரிக்கர் வழக்கு வேறு. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் ஊரில் செய்யப்பட்ட பார்க்கர் துப்பாக்கியைச் சிலர் குலதெய்வம் போல் போற்றுகின்றனர். பிலடெல்பியாவின் பாக்ஸ் துப்பாக்கி உறுப்புக்கள் குறைந்தது, உறுதியானது என்று வாதிடுவோர், தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்கு அதையே கொண்டுசென்றார் என்பதைச் சாட்சியாகக் காட்டுவர். எல்.சி. ஸ்மித் துப்பாக்கியின் அழகை ஒப்புக்கொள்வோரும், தகட்டின் பின்புறம் அடிக்கட்டை வெடித்துவிடும் என்று ஒரு குறை சொல்லாமல் விடுவதில்லை.

இனிச் சாச்சாஜியின் கட்டிலுக்கு வருவோம். முதல் துப்பாக்கி, பாட்டனார் வாங்கியது. வெளிக் குதிரைகள், இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்கள், பாம்புத் தோல் போன்ற அழகு. செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. இரண்டாவது, குழல்களின் நடுவே கல்கத்தா வணிகர் ஒருவர் பெயர் தாங்கியது. மூன்றாவது, 1960-களில் அவரே மூங்கேரில் சொல்லிச் செய்வித்தது, சற்றுக் கனம்.

கல்கத்தாப் பெயரைப் பார்த்து மகனார் அதை உள்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கினார். குழலைக் கழற்றி அடிப்புறத்தைக் காட்டினேன். பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை, 'நைட்ரோ புரூப்' என்ற சொற்கள், அறை நீளம் 2½ அங்குலம், உள்ளே ஆன்சன்–டீலி அமைப்பு! பர்மிங்காமில் செய்து, விற்பவர் பெயரைப் பொறிப்பது அக்காலத்தில் சாதாரண வழக்கம். மேலே உள்ள பெயர் கடைக்காரருடையது. அடியிலுள்ள முத்திரையே துப்பாக்கியின் பிறப்புச் சீட்டு.

பாட்டனார் துப்பாக்கியில் 'நைட்ரோ' முத்திரை இல்லை. கரிமருந்துக்கே சோதிக்கப்பட்டது. மகனாரோ, தம் பெண்ணின் திருமணத்தில் அதைக்கொண்டே வானை நோக்கிச் சுடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 70 மில்லிமீட்டர் புதுத் தோட்டா இரண்டை இட்டுப்பார்த்து, நன்றாகப் பொருந்துகிறது என்றும் மகிழ்ந்திருந்தார். சுடாத தோட்டா குட்டையானது. 65 மில்லிமீட்டர் அறையிலும் எளிதாக நுழையும். சுடும்போது அதன் மடித்த வாய் விரிந்து குறுகலான வழியை அடைக்க, உள்ளழுத்தம் ஏறும். புதுமருந்தின் வேகமும் சேர்ந்தால் பழங்குழல் பிளக்கலாம். குழலைத் தாங்கும் இடக்கை போய்விடும். கொண்டாட்டத்தில் சுடுவதை அதே 2019 திருத்தம் தண்டனைக்குரிய குற்றமாக்கியதையும் சொன்னேன். அப்போதைக்கு அவர் முகம் சுளித்தார்.

மூங்கேர் மிஸ்திரி ஒருவர் மூன்றையும் அளந்து பார்த்தார். டமாஸ்கஸ் குழலின் உட்புறம் துரு தின்ற குழிகள். கல்கத்தாப் பெயருடையது இன்னும் செம்மையான நிலை. எனவே முதலாவதையே ஒப்படைத்துவிடலாம் என்று நான் யோசனை கூறினேன்.

சாச்சாஜி ஒப்பவில்லை. "அது பாட்டனார் கைபட்டது. இது என் கையால் பணம் எண்ணி வாங்கியது. நடுவிலுள்ளது ஏலத்தில் எடுத்தது, யாருடையதோ," என்றார். மூன்றில் மிகச் சிறந்ததை வணிகரிடம் அனுப்புகிறீர்களே என்று நான் வாதாடியும் பயனில்லை. வணிகர் கொடுத்த விலையும் அற்பமே.

படிவத்தில் அதன் எண்ணை நானே எழுதினேன். இருமுறை சரிபார்க்கச் சொன்னார். பாட்டனார் துப்பாக்கியில் இனி எவரும் தோட்டா இடுவதில்லை என்று மகனாரிடம் என் முன்னிலையிலேயே வாக்கு வாங்கிக்கொண்டார். அவ்விரு தோட்டாக்களும் அன்றே உள்ளறைப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. திறவுகோலைச் சாச்சாஜி பூணூலில் முடிந்துகொண்டார்.