கீழரியூர் வெடிகுண்டு வழக்கு, 1942

1942-இல் பாலக்காடு தனி மாவட்டம் அல்ல. கீழரியூரைப் போலவே சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகஸ்ட் 9 விடியற்காலையில் காந்தியடிகளையும் காங்கிரஸ் தலைவர்களையும் பம்பாயில் கைது செய்தது ஆங்கிலேய அரசு. தலைவர்களை அடைத்துவிட்டால் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சி அடங்கிவிடும் என்பது அதன் கணக்கு. நடந்தது வேறு. வழிகாட்ட வெளியே ஆளில்லாத இளைஞர்கள் தலைமறைவாகச் செயல்படத் தொடங்கினர். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, ஆகஸ்ட் 26 இரவில் சூலூர் விமானதளம் எரிந்தது.

மலபாரில் அந்த இளைஞர்களை வழிநடத்தியவர் டாக்டர் கே. பி. மேனன். அமெரிக்காவில் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். கொயிலாண்டியை அடுத்த கீழரியூரில் ரகசியமாக வெடிகுண்டுகள் செய்யப்பட்டன. பாலங்களும் அரசுக் கட்டடங்களுமே இலக்கு. நவம்பரில் மலபாரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 'சுதந்திர பாரதம்' என்ற தலைமறைவு இதழும் கைமாறிக் கைமாறிப் பரவியது.

அரசு வேட்டையில் இறங்கியது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் அரசுக்கு விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தன. 27 பேர் மீது வழக்கு தொடரப்பட்டது. மேனனுக்கு நீண்ட சிறைத்தண்டனை. உயிருக்குத் துணிந்து இறங்கிய இவர்களின் பெயர்கள் இன்று பாடநூல்களில் அரிதாகவே தென்படுவது பெருங்குறை.

மேனன் 1957-இல் வடகரைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாலக்காடு மாவட்டம் திருத்தாலாவில் ஒரு பள்ளி அவர் பெயரில் இயங்குகிறது.