சிங்கப்பூரின் மரபுச் சின்ன மரங்கள்

19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடப் பயன்பட்ட கேம்பியர் என்னும் செடியும் மிளகும் பயிரிடப்பட்ட தோட்டங்களுக்காகவும், கேம்பியர் இலையைக் காய்ச்சத் தேவைப்பட்ட விறகுக்காகவும் சிங்கப்பூரின் மழைக்காடுகள் பெருமளவில் அழிந்தன. எஞ்சிய பழங்காட்டின் ஒரு பகுதி இன்றும் புக்கிட் தீமா குன்றில் நிற்கிறது. இன்று சாலையோரங்களில் குடை விரித்து நிற்பவற்றுள் பல, தமிழகத்தில் தூங்குமூஞ்சி மரம் எனப்படும், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்களே என்பதால், அந்நகரின் பசுமையை இயற்கையின் கொடை என்பதைவிட மனிதர் திட்டமிட்டு நட்டது என்பதே பொருந்தும்.

முதிர்ந்த மரங்களை நினைவுச் சின்னங்களைப் போலக் காக்கும் திட்டம் 2001இல் தொடங்கப்பட்டது. அடிமரத்தின் சுற்றளவோடு அரிய தாவர இனமா, வரலாற்றோடு தொடர்புடையதா என்பவையும் ஆராயப்பட்டு மரங்கள் தெரிவு செய்யப்படுகின்றன; அவற்றுள் பலவற்றுக்கு இடிதாங்கியும் பொருத்தப்படுகிறது. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது, 1859இல் தாவரவியல் பூங்கா அமைவதற்கு முன்பே அங்கு வளர்ந்திருந்த தெம்புசு மரம். உள்நாட்டு இனமான அதன் உருவம், தரையை ஒட்டி நீண்ட கிளையுடன், ஐந்து வெள்ளி நோட்டிலும் அச்சாகியுள்ளது.

எல்லா மரங்களுக்கும் இப்படிக் காக்கப்படும் பேறு கிட்டவில்லை. தொலைவிலிருந்தே தெரிந்த புகழ்பெற்ற சாங்கி மரம், ஜப்பானியப் பீரங்கிகளுக்குக் குறியடையாளமாகிவிடும் என்ற அச்சத்தால், 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையினராலேயே வீழ்த்தப்பட்டது.