பயறும் நொதியும்: கமலா சோஹோனியின் ஆராய்ச்சிப் பணி

மொச்சையைப் பச்சையாக உண்டால் எளிதில் செரிப்பதில்லை; வேகவைத்தால் செரிக்கிறது. ஒவ்வோர் அடுக்களையும் அறிந்த இவ்வுண்மையின் வேதியியற் காரணத்தை ஆராய்ந்த இந்திய அறிஞர்களுள் குறிப்பிடத்தக்கவர், பம்பாய் அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கிய டாக்டர் கமலா சோஹோனி ஆவார்.

உணவிலுள்ள புரதத்தைக் குடலில் சிறு கூறுகளாகப் பிரிப்பவை நொதிகள். அவற்றுள் முதன்மையான டிரிப்சின் கணையத்தில் உருவாகிறது. பயறு வகைகள் பலவற்றிலுள்ள ஒருவகைப் புரதம் இந்நொதியுடன் இறுகப் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. பூட்டினுள் ஒடிந்த சாவி சிக்கிக்கொண்டால் சரியான சாவி நுழைய இடமிராதன்றோ? சமைக்கும்போது வெப்பம் இத்தடைப் புரதத்தின் அமைப்பைக் குலைப்பதால், தடை பெருமளவு நீங்குகிறது. மொச்சையிலிருந்து இத்தடைப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்த செய்தியைச் சோஹோனியும் அவர்தம் சக ஆய்வாளரும் 1955இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

இறைச்சியும் பாலும் வாங்க இயலாத குடும்பங்களுக்குப் பயறே புரதத்தின் முக்கிய ஊற்று. ஆகவே ஓர் உணவில் எத்தனை கிராம் புரதம் உள்ளது என்னும் கணக்கு மட்டும் போதாது. அதில் எவ்வளவு உடலிற் சேர்கிறது என்பதே வினா. ஊட்டச்சத்துத் திட்டம் வகுப்போர் தானியத்தையும் பயற்றையும் கணக்கிடுகின்றனர். அவற்றை நன்கு வேகவைக்க வேண்டிய எரிபொருளை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நொதியைத் தடுத்தல் பயற்றில் குறையெனினும், மருத்துவத்தில் அது பயனுள்ள கருவி. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸ், தன் நீண்ட புரதச் சங்கிலியை ஒரு நொதியால் துண்டித்தே முதிர்ச்சியடைகிறது. அந்நொதியை முடக்கும் மருந்துகள் 1995 முதல் பயன்பாட்டுக்கு வந்தன. மும்பையின் செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்து அறிவியலாரும் இவ்வைரஸ் நொதியின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்துள்ளனர். இவை சோஹோனியின் ஆய்விலிருந்து நேரே கிளைத்தவையல்ல. தத்துவம் மட்டும் ஒன்றே.

அவர் இத்துறைக்கு வந்த வழி எளிதாக இருக்கவில்லை. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை அணுகியபோது, பெண் என்னும் காரணத்தால் சர் சி. வி. இராமன் இடமளிக்க மறுத்தார். விடாப்பிடியாக நின்றபின், ஓராண்டுச் சோதனை என்னும் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. இராமனின் அறிவியற் பெருமையை இது குறைக்காது. எனினும் மறைக்கத்தக்க செய்தியுமன்று. பின்னர் கேம்பிரிட்ஜ் சென்ற சோஹோனி, உயிரணுக்களின் மூச்சியக்கத்தில் எலெக்ட்ரான்களைக் கடத்தும் சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் தாவரத் திசுக்களிலும் உண்டெனக் கண்டார். உருளைக்கிழங்கில் தொடங்கிய அவ்வாய்வுக்கு 1939இல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

தில்லியிலும், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பணிபுரிந்தபின், 1947இல் மணம் முடித்துப் பம்பாயில் குடியேறினார். குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாதின் ஆலோசனைப்படி, புளிக்காத பனஞ்சாறாகிய நீராவின் உணவுச்சத்தை ஆராய்ந்து, குடியரசுத் தலைவர் விருதும் பெற்றார். தாம் பணியாற்றிய நிறுவனத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

ஆய்வுக்கூடத்துடன் அவர் பணி நின்றுவிடவில்லை. 1966இல் பம்பாயில் மகளிர் சிலர் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தில் ஈடுபட்டு, 1980களின் தொடக்கத்தில் அதன் தலைவராகவும் இருந்தார். நுகர்வோர் பாதுகாப்புப் பற்றி அதன் இதழில் கட்டுரைகளும் எழுதினார்.