பனிமலை ஏறுமுன் ஒரு வீரனின் மனம்

போர்வீரன் என்றவுடன், எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்பவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். அவன் அவ்விடத்தை அடையுமுன் பயிற்சியில் கழிக்கும் நாட்களை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. சியாச்சின் பனியாற்றுக்குச் செல்லவிருக்கும் ஜவானின் அந்நாட்களைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம். ஊரைவிட்டு அயல் மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு, தொலைவில் இருப்பவனின் மனம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

1984 ஏப்ரல் 13ஆம் நாள் தொடங்கி, அப்பனியாற்றை ஒட்டிய மலைமுகடுகளில் நம் படை காவல் புரிகிறது. காவல் நிலைகள் பல 18,000 அடிக்கும் மேலானவை. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவாகக் குறைகிறது.

ஆகவே எந்த வீரனும் நேராக மேலே அனுப்பப்படுவதில்லை. 9,000 முதல் 12,000 அடி வரையில் ஆறு நாள், 15,000 அடி வரையில் நான்கு நாள், அதற்கு மேல் மீண்டும் நான்கு நாள் என மூன்று படிகளில் உடல் பழக்கப்படுத்தப்படுகிறது. முதல் இரண்டு நாட்களில் ஓய்வே முக்கியக் கடமை. பின்னர் மெதுவான நடை. அதன்பின் சிறிய ஏற்றம்.

இவ்விதியின் அருமை பட்டறிவால் உணரப்பட்டது. 1962இல் சீனாவுடன் நேர்ந்த போரின்போது, சமவெளியிலிருந்த வீரர்கள் விரைந்து மலைமேல் அனுப்பப்பட்டனர். குண்டு படாமலே மலைநோயால் வீழ்ந்தவர் பலர். இமயத்தின் உயரங்களுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து, நம் இராணுவ மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1969இல் வெளிவந்தது.

விடியுமுன் எழுந்து ஓடிப் பழகியவனைப் படுத்திரு என்றால் என்ன நேரும்? உடல் ஓய்வு கொள்ளும். மனமோ நடக்கத் தொடங்கும். அது முதலில் வீட்டுக்கே செல்கிறது. அடுத்த விடுமுறையில் கட்டவேண்டிய சுவர், பிறக்கவிருக்கும் குழந்தைக்கு இடவேண்டிய பெயர், அம்மா வைக்கும் ரசத்தின் மணம் என்று கனவுகள் வளர்கின்றன. அவற்றின் பின்னாலேயே கவலைகளும் வந்து சேர்கின்றன. தங்கையின் திருமணக் கடன் எப்போது தீரும்? அப்பாவின் கண் சிகிச்சை என்னவாயிற்று? எல்லாவற்றிற்கும் மேலாக, ‘என் உடல் இதைத் தாங்குமா?’

இரவில் இக்கவலை பெருகுவதற்கு உடலே ஒரு காரணம். உயரத்தில் உறங்குபவனின் மூச்சு சிறிது நேரம் தயங்கி, பின் வேகமாகத் தொடரும். அவன் திடுக்கிட்டு விழிப்பான். இது காற்றின் குறைவால் பலருக்கும் நேர்வது, கோழைத்தனம் அன்று. இதனை அறியாதவன் தன்னைத் தானே ஐயுறுகிறான்.

பயிற்சிப் பள்ளியில் பனியில் நடப்பதும், பிளவுகளைக் கடப்பதும், அவற்றில் விழுந்தவனை மீட்பதும் கற்பிக்கப்படுகின்றன. இவையெல்லாம் நேரக்கூடியவை என்பதைக் கற்பவன் அறிவான். 2016 பிப்ரவரி 3ஆம் நாள் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டனர். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். இத்தகைய செய்தி அங்கே செல்பவன் நெஞ்சில் நிழலாடாமல் இராது.

ஆயினும், அச்சத்தினும் ஆபத்தானது ஒன்று உண்டு. அதுவே மறைத்தல். தலைவலியையோ இருமலையோ சொன்னால், தோழர்கள் மேலே செல்ல, தான் கீழே நிறுத்தப்படுவோம் என்று அஞ்சி ஒருவன் வாய்மூடி இருக்கக்கூடும். நுரையீரலில் நீர் கோக்கும் நோய் இவ்வாறே வளர்ந்து உயிரைக் குடிக்கிறது. காலத்தில் சொன்னால், கீழே இறக்குவதும் பிராணவாயு அளிப்பதும் அவனைக் காக்கும். பனியில் வீரர்கள் ஒரே கயிற்றில் பிணைந்து நடக்கின்றனர். ஒருவன் மறைத்த நோய் அனைவருக்கும் இடர் அன்றோ? மனத்தின் கவலையும் அத்தகையதே. தோழனிடமோ ஹவில்தாரிடமோ சொல்லிவிட்டவன், பாரம் இறங்கிய தோளுடன் ஏறுகிறான்.

இதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. தொலைபேசியில் ‘இங்கே ஒரு குறையும் இல்லை’ என்று மட்டும் சொன்னால், குரலின் தடுமாற்றத்தை வைத்து அவன் நூறு குறைகளைக் கற்பித்துக்கொள்வான். உள்ளதைச் சொல்லி, அதற்கு யார் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நலம். ‘அப்பாவுக்குக் கண் சிகிச்சை அடுத்த வாரம், மாமா உடன் இருப்பார்’ என்ற இரண்டு தொடர்கள் அவனுக்கு ஓர் இரவின் உறக்கத்தைத் தரும். பின்னர், ‘உனக்குத் தலைவலி உண்டா? மருத்துவரிடம் சொன்னாயா?’ என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து வரும் அக்கேள்வி, சொல்லத் தயங்குபவனுக்குத் துணிவு அளிக்கும்.