தென்னையின் இரு பகைகள்: கருவண்டும் செவ்வண்டும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல் நிலத்தில் தென்னை செழித்து வளர்கின்றது. அத்தென்னைக்குப் பெருங்கேடு விளைப்பன இரு வண்டுகளாம். அவை வாழும் இடம் வெவ்வேறாதலின், ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது.

கருவண்டு

இது 4 முதல் 5 சென்ரிமீற்றர் நீளமும் தலையில் ஒரு கொம்பும் உடையது. இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். அவ்வோலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோலத் தோன்றும். தென்னைக்குத் தீங்கு செய்வது வளர்ந்த வண்டே. அதன் புழு உயிருள்ள மரத்தைத் தீண்டாது. எருக்குவியலிலும் உக்கிய குற்றிகளிலும் வாழும். இப்புழு வெண்மையாய் வளைந்து, மூன்று சோடிக் கால்களுடன் காணப்படும்.

செவ்வண்டு

இது செங்கபில நிறமும் நீண்டு வளைந்த மூக்கும் உடையது. இதில் தீங்கு செய்வது புழுவே. பெண்வண்டு மரத்தின் காயங்களில் முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் கால்களற்ற புழுக்கள் தண்டினுள்ளே குடைந்து தின்று, நாரினாற் கூடுகட்டி, அங்கேயே வண்டாகும். இருபது வயதுக்குட்பட்ட மரங்களே பெரிதும் தாக்கப்படும். துவாரங்களிற் கபில நிறச் சாறும் மென்ற நாரும் வெளிப்படும்; தண்டிற் காதை வைத்தாற் கொறிக்கும் ஓசை கேட்கும். முடி சாய்ந்தபின் மரத்தைக் காப்பது அரிது.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு

கருவண்டு துளைத்த காயமே செவ்வண்டுக்கு வாயிலாகின்றது. எனவே முன்னதைத் தடுப்பவர் பின்னதையும் ஓரளவு தடுத்தவராவர்.

செய்யவேண்டியவை

1. எருக்குவியலை இரண்டு மாதத்திற்கொருமுறையேனும் கிளறி, புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

2. பட்ட மரங்களையும் குற்றிகளையும் தோட்டத்தில் உக்கவிடாது அகற்றுதல் வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியில் இம்மாவட்டத்தில் எண்ணற்ற தென்னைகள் வீழ்ந்தன. அத்தகைய காலங்களில் இவ்வேலை இருமடங்கு அவசியமாகும்.

3. குருத்தினுள் இருக்கும் கருவண்டைக் கம்பிக் கொளுக்கியால் குருத்துக்குச் சேதமின்றி வெளியே எடுத்தல் வேண்டும்.

4. தண்டிற் படிகள் வெட்டுதலாகாது. பச்சை மட்டையை வெட்ட நேரின், தண்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் விட்டு வெட்டுதல் நன்று. ஏற்பட்ட காயங்களுக்குத் தார் பூசுதல் வேண்டும்.

5. செவ்வண்டால் மடிந்த மரத்தைத் தறித்துப் பிளந்து, உள்ளிருக்கும் புழுக்களையும் கூடுகளையும் எரித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் அம்மரத்திலிருந்து வெளிவரும் வண்டுகள் அயல் தோட்டங்களையும் சென்றடையும்.

ஒருவர் தம் தோட்டத்தை மட்டும் பேணுதல் போதாது. வண்டுக்கு வேலியில்லையாதலின், அயலவர் அனைவரும் ஒரே காலத்தில் இம்முறைகளைக் கைக்கொள்ளின் மிகுந்த பயன் கிட்டும்.